மதர்போர்டை மாற்றச் சொன்னீர்கள், லைசென்ஸைப் பற்றியும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன்பு வந்த கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதற்காகப் பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டாம், மதர்போர்டு (மற்ற பாகங்களெல்லாம் வந்து சேரும் பலகை), ப்ராசசர், ராம் மூன்றையும் மாற்றினால் போதும், கேபினட்டும் மானிட்டரும் கீபோர்டும் அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. பட்ட பாட்டுக்குப் பிறகும் அதை நல்ல யோசனை என்றே சொல்வேன். ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு பத்தி விடுபட்டுப் போயிற்று. அந்த ஒரு பத்தி இல்லாததால் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவன். இருபது வருடத்துக்கும் மேலாக இதுதான் தொழில். எழுத்துரு, வரி இடைவெளி, பத்தி முடிவில் ஒற்றைச் சொல் தொங்காமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் எனக்குத் தெரியும். கணினியின் உள்ளே இருப்பது தெரியாது. என்னிடம் இருந்தது 2014-இல் வாங்கிய, உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிய டெஸ்க்டாப். இன்டெல் நான்காம் தலைமுறை ப்ராசசர். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என்னுடையதில் இரண்டுமே இல்லை. ஆகவே போர்டை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

என் தம்பி மகன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து உட்கார்ந்தான். பழைய போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டி, விண்டோஸும் என் கோப்புகளும் இருந்த பழைய எஸ்எஸ்டியை அப்படியே அதில் சேர்த்தான். "பெரியப்பா, விண்டோஸைத் திரும்பப் போட வேண்டாம், அதுவே புது போர்டைக் கண்டுபிடிச்சுக்கும்" என்றான். அவன் சொன்னது சரிதான். சாதனங்களைத் தயார் செய்வதாகத் திரையில் சற்று நேரம் ஓடியது, ஒருமுறை அணைந்து எழுந்தது, என் கோப்புகளும் எழுத்துருக்களும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. எவ்வளவு வேகம்! நானூறு பக்கப் புத்தகம் கண் இமைப்பதற்குள் திறந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். பழைய போர்டை மறுநாளே மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தும் விட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு என்று அப்போது தெரியவில்லை.

அதற்கடுத்த நாள் திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி வந்து நின்றது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள், அதற்கு செட்டிங்ஸுக்குப் போங்கள் என்று ஆங்கிலத்தில். ஆக்டிவேட் என்றால், இந்த விண்டோஸ் உரிமத்தோடுதான் ஓடுகிறது என்று மைக்ரோசாஃப்ட்டிடம் உறுதி செய்துகொள்வது. எந்த மென்பொருளைத் திறந்தாலும் அதற்கும் மேலே அந்த வரிகள் இருந்தன. முழுத்திரையில் வைத்தாலும் போகவில்லை.

மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாமல் இருந்தாலும் கணினி ஓடும், தட்டச்சு செய்யலாம், இணையம் பார்க்கலாம். பின்னணிப் படம், நிறம் போன்றவற்றை மாற்றும் இடம் மட்டும் மங்கிப்போய்க் கிடக்கும். என் தொழிலில் அந்த வலது கீழ் மூலைக்கு வேறு அர்த்தம் உண்டு. புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கங்களின் எண்ணை நான் அந்த மூலையில்தான் வைப்பேன். கீழ் ஓரத்தைப் பெரிதாக்கி, எண் சரியான உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதா, ஓரத்தில் இடம் சமமாக விட்டிருக்கிறதா என்று பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாம்பல் எழுத்து எண்ணின் மேலேயே படர்ந்து நின்றது. 147 என்பதை 141 என்று படித்துவிட்டு, அட்டவணையைப் போய்த் திருத்தி, பிறகு அந்தத் திருத்தத்தையும் திருத்தினேன்.

அதைவிடப் பெரிய வலி வேறு. நான் பக்கம் கட்டிக்கொண்டிருந்தது ஒரு மூத்த எழுத்தாளரின் புத்தகம். அவர் வீட்டிலிருந்தபடியே என் திரையைப் பார்த்துத் திருத்தம் சொல்வார். அன்று மூன்றாவது அத்தியாயத்தில் இருந்தோம். "தம்பி, மூலையில என்னமோ எழுதியிருக்கே, அது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசு கொடுத்து வாங்கினதுதானே?" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். ஆனால் அடுத்தவர் எழுத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவனிடம் அந்தக் கேள்வி வந்துவிட்டது. ஒரு எழுத்துருவைக்கூட நான் உரிமம் இல்லாமல் வைத்துக்கொண்டதில்லை. அன்று முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

சரி, என்னதான் கோளாறு என்று பார்க்கலாம் என செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தேன். 0எக்ஸ்சி004எஃப்211 என்று ஒரு பிழை எண். கணினியின் வன்பொருள் மாறியிருக்கிறது என்பது அதன் பொருள். அந்தப் பக்கத்திலேயே ட்ரபிள்ஷூட் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்று சொல்ல ஒரு இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால், அந்த அக்கவுண்ட்டோடு சேர்ந்த கணினிகளின் பட்டியலைக் காட்டும். நம் கணினியைத் தேர்ந்தெடுத்து, இப்போது பயன்படுத்துவது இதுதான் என்று குறித்தால் ஆக்டிவேட் ஆகும். இந்த ஏற்பாடு 2016-இல் வந்த விண்டோஸ் 10 ஆண்டு நிறைவு அப்டேட்டிலிருந்தே இருக்கிறதாம். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

என் பட்டியலில் என் மகளின் மடிக்கணினி மட்டும்தான் இருந்தது. ஒரு நாள் அவசரத்துக்கு அதில் அக்கவுண்ட்டைத் திறந்திருக்கிறேன். என் சொந்த டெஸ்க்டாப் அதில் இல்லை, ஏனென்றால் அதை நான் எப்போதும் லோக்கல் அக்கவுண்ட்டில்தான் வைத்திருந்தேன். பெயரும் கடவுச்சொல்லும் போட்டால் போதும், இணையத்தோடு எதற்கு முடிச்சு என்று நினைத்தவன் நான்.

இங்கேதான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். போர்டை மாற்றுவதற்கு முன்பு ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்தால், 'டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது' என்று இருக்கும். அல்லது 'உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு இணைந்த டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது' என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே நாலைந்து சொல்தான் வித்தியாசம். என்னுடையதில் இருந்தது முதல் வரி. ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற சொல்லைப் பார்த்ததும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பக்கத்தை மூடிவிடுவோம். அந்த நாலைந்து சொல்லைத் தேடவேண்டும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

அடுத்து கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நினைத்தேன். 2014-இல் கணினியோடு வந்தது விண்டோஸ் 7. அதன் ப்ராடக்ட் கீ, ஐந்தைந்தாக இருபத்தைந்து எழுத்தும் எண்ணும், அந்த ஸ்டிக்கரில் இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் தூசி தட்டித் துடைத்துத் துடைத்து மை தேய்ந்துவிட்டது. கைபேசியின் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது தொகுதியில் இருப்பது பி என்ற எழுத்தா 8 என்ற எண்ணா, கடைசித் தொகுதியில் இருப்பது ஜி-யா 6-ஆ என்று புரியவில்லை. நான்கு விதமாகவும் அடித்துப் பார்த்தேன். எதுவும் ஏறவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், விண்டோஸ் 7, 8 கீயை வைத்துப் புதிதாக விண்டோஸ் 10, 11-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2023 செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள். எழுத்து தெளிவாக இருந்திருந்தாலும் பயனில்லை.

என் கணினி விண்டோஸ் 10-க்கு மாறியது 2016-இல். 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு இலவச மேம்பாடு கொடுத்தார்களே, அப்போது மாறினேன். அந்த மேம்பாட்டில் தனியாக ஒரு கீ கையில் வராது. கணினியின் வன்பொருளை அளந்து ஓர் அடையாளம் உண்டாக்கி, 'இந்த அடையாளம் உள்ள கணினிக்கு உரிமை உண்டு' என்று மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் பதிந்து வைத்துக்கொள்வார்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்பது அதுதான். ராமைக் கூட்டினாலோ கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினாலோ பொதுவாக அந்த அடையாளம் கலையாது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் பிரச்சினை வராது. அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ, திரும்பப் போட்டு, கீ இல்லை என்று சொல்லித் தாண்டிப் போனால், இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். மதர்போர்டு அப்படியல்ல. போர்டு மாறினால் அவர்கள் கணக்கில் அது வேறு கணினி.

வன்பொருளை அளந்து பார்க்கும் பழக்கம் புதிதில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. அப்போது ஒருமுறை நான் தொலைபேசியிலேயே ஆக்டிவேட் செய்திருக்கிறேன். திரையில் வரும் 50 இலக்கத்தைச் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்லும் 42 இலக்கத்தை எழுதிக்கொள்ள வேண்டும். மறுமுனையில் ஒரு பெண் பேசினார். "இதை எத்தனை கணினியில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றில்தான் அம்மா, போர்டு கெட்டுப்போய் மாற்றினேன்" என்றேன். நம்பினார். இலக்கங்களை நிதானமாகச் சொன்னார். ஒரு மனிதர் கேட்டு, ஒரு மனிதர் பதில் சொல்லி, வேலை முடிந்தது. அந்த உரையாடல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம், கணினியை எனக்கு விற்றவரிடம் போனேன். அவர் பெயர் இங்கே வேண்டாம். பத்து வருடத்துக்கு முந்தைய பில்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். 'ஒரிஜினல் விண்டோஸுடன்' என்று அதில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

"ஒரிஜினல்தான் சார், ஆனா ஓஇஎம். அது அந்த போர்டோட போச்சு" என்றார்.

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்க மாட்டாங்க சார்."

அவர் சொன்னது உண்மை. யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் கேட்கவேண்டிய ஒன்று இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. ஓஇஎம் லைசென்ஸ் என்பது கணினி தயாரிப்பவர்களுக்கும் கட்டி விற்பவர்களுக்கும் கொடுப்பது. முதலில் எந்தக் கணினியில் ஏறியதோ அதோடு அதன் வாழ்வு முடிந்தது. போர்டு பழுதாகி, தயாரிப்பாளரே வாரண்டியில் மாற்றிக் கொடுத்தால் லைசென்ஸ் தொடரும். நாமாக வேகத்துக்காக மாற்றினால் தொடராது. ரீடெயில் லைசென்ஸ் வேறு. அது நம்முடையது. பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் ஒரிஜினல்தான். 2014-இல் இந்த வித்தியாசத்தை யாராவது ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் நான் ரீடெயிலையே வாங்கியிருப்பேன். அடுத்தவருக்கு அது வேண்டாமாக இருக்கலாம். கணினியைக் கடைசிவரை அப்படியே வைத்திருப்பவருக்கு ஓஇஎம் போதும். ஆனால் எது வேண்டும் என்று முடிவு செய்வது பணம் கொடுப்பவர் அல்லவா?

அவரே இன்னொரு வழியும் சொன்னார். ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, போட்டால் ஐந்து நிமிடத்தில் அந்த எழுத்து போய்விடும், ஆன்டிவைரஸை மட்டும் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க வேண்டும் என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். இன்னும் வெளிவராத எத்தனையோ பேரின் கையெழுத்துப் பிரதிகள் என் கணினியில் இருக்கின்றன. காவலை எடுத்துவிட்டு, யார் செய்தது என்றே தெரியாத ஒன்றை உள்ளே விட முடியுமா? இணையத்தில் மலிவாக விற்கும் கீகளையும் பார்த்தேன். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தவற்றிலிருந்து வெளியே வந்தவை. இன்று ஏறும், ஒரு நாள் முடக்கப்படும். மாட்டிக்கொண்டவரின் பதற்றம்தான் இப்படிப்பட்டவர்களுக்கு வியாபாரம். அதனால்தான் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் விவரம் தெரிந்தவர்களே ஏமாந்துபோகலாம். நம் லைசென்ஸ் எந்த வகை என்று செட்டிங்ஸ் பக்கம் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையோடு ஒரு சாய்கோடும் டிஎல்ஐ என்ற எழுத்துகளும் சேர்த்து அடிக்க வேண்டும். தம்பி மகன் அதைச் செய்து பார்த்தான். ரீடெயில் என்று வந்தது! ஒரு நிமிடம் மனம் குளிர்ந்துபோயிற்று. கீயின் கடைசி ஐந்து எழுத்து 3வி66டி என்று காட்டியது. அந்த ஐந்தும் என் கணினிக்கு மட்டும் உரியவை அல்ல. டிஜிட்டல் லைசென்ஸில் ஓடும் எல்லா விண்டோஸ் ப்ரோவுக்கும் பொதுவாகப் போடும் கீ அது. வகை என்ற இடத்தில் ரீடெயில் என்று வந்தது அந்தப் பொதுக் கீயால். என் உரிமையின் வேர் அந்தப் பழைய ஓஇஎம் ஸ்டிக்கரில்தான் இருந்தது. கணினியிடமே கேட்டாலும் நேரான பதில் வராது என்றால், வாங்கிய அன்று தாளில் எழுதி வாங்கிக்கொள்வதைத் தவிர சாதாரண ஆளுக்கு வேறு என்ன வழி?

கடைசியில் நான் புதிதாக ரீடெயில் லைசென்ஸ் வாங்கினேன். பழைய போர்டு கையில் இருந்திருந்தால், அதைத் திரும்ப மாட்டி, அக்கவுண்ட்டை இணைத்துவிட்டு, மறுபடி புதியதை மாட்டிப் பார்த்திருக்கலாம். ஓஇஎம்மில் அது பலிக்கும் என்று உறுதி இல்லை, விதிப்படி உரிமையும் இல்லை. ஆனால் இணைத்து வைக்க வாய்ப்பாவது இருந்திருக்கும். கொடுத்த பணத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. மென்பொருள் எழுதுகிறவருக்குக் கூலி சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. விதி இன்னதென்று முன்பே தெரியாமல், வேலையின் நடுவில், ஒரு பெரியவர் முன்னால் தலைகுனிந்து அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

லினக்ஸுக்குப் போய்விடலாமே, அங்கே ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லையே என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். எழுதவும் இணையம் பார்க்கவும் மட்டும் கணினி வைத்திருப்பவர்கள் அதைத் தாராளமாக யோசிக்கலாம். என் பக்க அமைப்பு மென்பொருள் அதில் ஓடாது, ஆகவே எனக்கு அந்த வழி இல்லை.

ஐயா, உங்கள் கணினிப் பக்கத்தை நம்பிப் பலர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்திருப்பார்கள். அடுத்த வாரமே அதில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். போர்டைத் தொடுவதற்கு முன்பு ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து அக்கவுண்ட்டோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இணையுங்கள், பட்டியலில் அடையாளம் தெரியும்படி கணினிக்கு ஒரு பெயர் வையுங்கள், உங்களிடம் இருப்பது எந்த லைசென்ஸ் என்று பில்லையும் ஸ்டிக்கரையும் எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஆக்டிவேட் ஆகும்வரை பழைய போர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று எழுதுங்கள். இவ்வளவும் விரற்கடை அகலத்தில் அடங்கிவிடும். பக்கம் அமைப்பவன் என்பதால் எனக்குத் தெரியும்.

கணினி விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பில்லில் ஒரிஜினல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓஇஎம் அல்லது ரீடெயில் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். விண்டோஸை எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆக்டிவேஷன் பக்கத்தில் 'இந்த உரிமை இந்தப் போர்டுக்கு மட்டும்' அல்லது 'இதை வேறு கணினிக்கு மாற்றலாம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். விண்டோஸில் தமிழ் இடைமுகம் இருக்கிறது, தமிழிலேயே சொல்லலாம்.

அந்த எழுத்தாளரின் புத்தகம் போன வாரம் அச்சுக்குப் போயிற்று. கடைசித் திருத்தத்தின்போது என் திரையைப் பார்த்துவிட்டு, "மூலையில இருந்தது போயிடுச்சே" என்றார். புதிய லைசென்ஸ் எப்படி வந்தது, பழையது ஏன் போனது என்று முழுவதையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் வீட்டுக் கணினியை வாங்கிய பில்லைத் தேடி எடுக்கப் போவதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பவர்.